காலையில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில், ‘சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா’ என்ற கேளிக்கைப் பூங்காவை நிரந்தரமாக மூடினார்கள். சுமார் 500 ஏக்கர் நிலம். அதை விற்கப்போவதாக நிறுவனம் மே மாதமே சொல்லிவிட்டிருந்தது. அந்த நிலத்தில் ‘வைல்ட் ஒன்’ என்று ஒரு மர ரோலர் கோஸ்டர் நின்றது. 1917இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நான்டாஸ்கட் கடற்கரையில் கட்டியது. அங்கே தீயில் எரிந்தும் மறுபடி எழுந்தது. அந்தக் கடற்கரைப் பூங்கா மூடப்பட்டபோது ஏலத்தில் கைமாறி, மேரிலாந்துக்கு இடம்பெயர்ந்து, 1986இல் திரும்ப ஓடத் தொடங்கியது. நின்ற அன்று அதற்கு வயது 108.

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்குப் பக்கத்தில், அஸ்தினாபுரத்தில் இருக்கும் எனக்கு இந்தச் செய்தி ஏன் இத்தனை நாள் மனத்தில் கிடக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த வண்டியில் நான் ஏறியதில்லை, இனி ஏறவும் முடியாது. ஆனால் நம் பக்கத்தில் எது மூடப்பட்டாலும் சொல்லப்படுகிற காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். பழசாகிவிட்டது என்பார்கள். தியேட்டர் போனாலும், ஊர்க்கிணறு போனாலும், திருவிழாவில் மர ராட்டினம் வருவது நின்றுபோனாலும் இதே பதில்தான். கேட்டவரும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மூப்பு இயற்கை, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்பது போல. இந்தப் பதிலை ஒப்புக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெளிவாகக் காட்டியவை மரக் கோஸ்டர்கள்தாம்.

மரக் கோஸ்டரின் பாதையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். பைன் மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கு வைத்து, ஆணியும் போல்ட்டும் அடித்து இறுக்குகிறார்கள். மேல் அடுக்கின் மீது கனத்த இரும்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. சக்கரம் உருள்வது அந்தப் பட்டையின் மேல். கீழே தாங்குகிற சட்டம் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நியூயார்க் கோனி ஐலண்டில் 1927இலிருந்து ஓடும் புகழ்பெற்ற ‘சைக்ளோன்’ நிற்பது இரும்புச் சட்டத்தின் மேல். பாதை பலகையால் ஆனதா என்பதை வைத்தே அதை மரக் கோஸ்டர் என்கிறார்கள்.

பலகை மழையில் ஊதுகிறது, வெயிலில் சுருங்குகிறது. வண்டி ஒவ்வொரு முறை பள்ளத்தில் பாய்ந்து எழும்போதும் அதன் கனம் முழுவதும் பலகைமேல் இறங்கி, ஆணி ஒரு நூல் மேலே கிளம்புகிறது, போல்ட் ஒரு சுற்று தளர்கிறது. அதனால் காலையில் பூங்கா திறப்பதற்கு முன்னால் ஒருவர் சுத்தியலும் ஸ்பேனருமாக அந்தப் பாதையோரத்து நடைபலகையில் ஏறி, உச்சி வரை போய், மறுபக்கம் இறங்கி, முழுத் தடத்தையும் நடந்தே பார்க்கிறார். கிளம்பிய ஆணியை அடித்து இறக்குகிறார். உளுத்த பலகைக்கு அடையாளம் வைக்கிறார். இது தினசரி வேலை. குளிர்காலத்தில் பூங்கா அடைத்திருக்கும் மாதங்களில் தச்சர்கள் வந்து, அடையாளம் வைத்த பகுதிகளைப் பிரித்துப் புதுப் பலகை வைக்கிறார்கள். இந்த வருடம் ஒரு வளைவு என்றால் அடுத்த வருடம் ஓர் இறக்கம். இப்படி நாற்பது ஐம்பது வருடம் போனால், முதல் நாள் அடித்த பலகைகளில் மிஞ்சியவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் 108 வயது எதற்கு? எந்த உச்சியிலிருந்து எவ்வளவு விழ வேண்டும், அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒருவர் போட்ட கணக்குக்கு வயது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போன சுத்தியலுக்கு வயது. ஓடுகிற வரை மரத்துக்கு மூப்பு என்ற ஒன்று சேர்வதே இல்லை, வருடா வருடம் அதைக் கழித்துக்கொண்டே வருகிறார்கள். நடப்பதை நிறுத்திய நாளிலிருந்துதான் அதற்கு வயதாகத் தொடங்குகிறது.

இதற்குக் கோனி ஐலண்டே சாட்சி. ஒரே கடற்கரை, ஒரே உப்புக்காற்று. அங்கே 1925இல் கட்டிய ‘தண்டர்போல்ட்’ 1982இல் நின்றது. கொடி படர்ந்து, துருவேறிக் கிடந்த அதை 2000ஆம் ஆண்டு நவம்பரில் நகர நிர்வாகம் இடித்தது. இரண்டே வயது இளைய சைக்ளோனையும் 1970களில் இடிக்கப் பார்த்தார்கள். பக்கத்து மீன்காட்சியகத்தை விரிவாக்க இடம் வேண்டியிருந்தது. உள்ளூர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். நகரத்துக்குச் சொந்தமான அந்தக் கோஸ்டர் 1975இல் குத்தகைக்குப் போய், பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ஓடியது. 1988இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். இன்னமும் ஓடுகிறது. இரண்டில் எது பழசு என்று இப்போது கேட்டால் என்ன சொல்வது?

அமெரிக்காவில் இந்த விளையாட்டு பரவத் தொடங்கியதும் அதே கடற்கரையிலிருந்துதான். 1884இல் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு, மணிக்கு ஆறு மைல் வேகத்தில் ஒரு மரமேட்டிலிருந்து ஆட்களை உருட்டிவிட்டார். பிறகு ஜான் மில்லர் என்ற வடிவமைப்பாளர் வந்தார். ஏற்றத்தில் வண்டி பின்னால் சரியாமல் பிடிக்கும் பல்லும், பாதைக்கு அடியில் கவ்வி ஓடும் சக்கரமும் அவர் கொடுத்தவை. ஏற்றத்தில் கேட்கும் ‘கடக் கடக்’ ஓசை அந்தப் பல்லினுடையது. அடிச்சக்கரம் வந்த பிறகு வண்டி தடத்தைவிட்டுத் துள்ளாது என்ற தைரியத்தில் உயரங்கள் கூடின. 1920களில் வட அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கில் நின்றவற்றைப் பொருளாதாரப் பெருமந்தமும் அடுத்து வந்த போரும் விழுங்கின.

இன்னமும் ஓடும் பழையவற்றில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், லூனா பார்க்கில் 1912 டிசம்பர் முதல் ஓடும் ‘சீனிக் ரயில்வே’யைப் பற்றி மட்டும் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த வண்டியின் நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டே வருகிறார். பிரேக் அவர் கையில். எந்த இறக்கத்தில் எவ்வளவு விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு உடம்பால் தெரியும். மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி, ஆள் நிறைந்த வண்டிக்கு ஒரு மாதிரி.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தவர்கள் நம் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கும்போது சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் கட்டையோடு குனிந்து ஓடும் அந்த நாலைந்து பேர். ஒரு கட்டையைச் சாய்த்துப் போட்டால் தேர் திரும்பும், நேராகப் போட்டால் நிற்கும், தப்பாகப் போட்டால் கால் போகும். ஊரே மேலே சாமியைப் பார்க்க, அவர்கள் மட்டும் சக்கரத்தைப் பார்க்கிறார்கள்.

மரத்தில் செய்து, ஆட்களை நடுங்க வைத்து, மகிழ வைத்து, வருடா வருடம் ஓட்டிய மிகப் பெரிய வண்டி நம்மிடம் தேர்தான். திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. பழைய தேர் 1920களில் தீக்கிரையானது. புதிதாகச் செய்த தேரும் 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு தலைமுறையே தேரோட்டம் பார்க்காமல் வளர்ந்தது. அந்த வருடங்களில் திருவாரூரில் பலர் சொல்லியிருப்பார்கள், தேர் பழசாகிவிட்டது, இனி ஓடாது என்று. 1970இல், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அது மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து தந்தது. 2010க்குப் பின் மறுபடி பிரித்து, பழுதான மரங்களை மாற்றி, 2016இல் ஓட்டினார்கள்.

கோயிலுக்குள் கால் வைக்காதவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது என்று நினைக்கிறேன். தேரை மீட்டது பக்தி மட்டும் இல்லை. அரசு தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்டது, பொதுத்துறைத் தொழிற்சாலை தன் பொறியாளர்களைக் கொடுத்தது, தச்சர்கள் மரம் பார்த்தார்கள். அதில் எது விட்டுப்போனாலும் அடுத்த வருடமே தெரிந்துவிடும். 2024 ஆனித் தேரோட்டத்தில் திருநெல்வேலி நெல்லையப்பர் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்தபோது ஊரே கேட்டது தேரின் வயதை இல்லை, வடத்தை யார் சோதித்தார்கள் என்பதை. மிகச் சரியான கேள்வி அது. தேரைப் பற்றி நமக்குக் கேட்கத் தெரிந்த கேள்வியை மற்ற விளையாட்டுகளைப் பற்றி ஏன் கேட்பதில்லை?

தாம்பரத்துக்கு மேற்கே கிஷ்கிந்தா இருந்த நிலத்தை நினைத்தால் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற முப்பரிமாணப் படத்தை 1984இல் தந்த நவோதயா அப்பச்சன் 1995இல் தொடங்கிய பூங்கா. 120 ஏக்கர். குரோம்பேட்டை, செம்பாக்கம், சிட்லபாக்கம், அஸ்தினாபுரம் வீடுகளில் தொண்ணூறுகளின் கடைசியில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். முழுப்பரீட்சை லீவில் ஒரு நாள், பள்ளிச் சுற்றுலாவில் ஒரு நாள் என்று அவர்களுக்கு அங்கே கணக்கு இருக்கும். கடல் இல்லாத இந்தப் பக்கத்தில் அலை அடிக்கும் குளத்தை அங்கேதான் முதலில் பார்த்தார்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டில் அந்த ஒரு நாளுக்கு முன்கூட்டியே பணம் எடுத்துவைத்திருப்பார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் வாசலில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே நுழைந்த குடும்பங்கள் எத்தனையோ.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பூங்காவும் அந்தத் தாழ்வான நிலத்தின் ஓரத்தில்தான். அடுத்த கோடையில், 2016 மே 11 அன்று, சோதனை ஓட்டத்தின்போது ஒரு ராட்சத ராட்டினம் சரிந்து விழுந்தது. ஏறியிருந்தவர்கள் பூங்காவின் ஊழியர்கள். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் தாங்கள் ஏறிப் பார்த்தவர்கள் அவர்கள். மரக் கோஸ்டரின் பாதையில் காலையில் நடப்பவரும், தேர்ச் சக்கரத்தின் முன் குனிந்து ஓடுபவரும், அன்று அந்த ராட்டினத்தில் உட்கார்ந்தவர்களும் ஒரே வேலையைச் செய்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுடைய பெயர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பூங்காவுக்கு அதன் பழைய நாட்கள் திரும்பவும் இல்லை.

விழுந்தது இரும்பு. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஓடும்போதே முறிந்து உயிர்களைப் பறித்ததும் இரும்பு. மரம் பாதுகாப்பு, இரும்பு ஆபத்து என்று வாதிட நான் வரவில்லை. மரக் கோஸ்டர்களிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஆனால் மரம் தன் நோயைச் சொல்லிவிடும். கிறீச்சிடும், வெடிக்கும், பூஞ்சை பிடித்து நிறம் மாறும், தட்டினால் ஓசை மாறும். இரும்பின் சோர்வு உள்ளே வளர்வது. வெறும் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும், கருவியைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். ஆகவே இரும்புக்கு மாறிவிட்டால் காவல் குறைந்துவிடலாம் என்று நினைப்பது பெரிய அபாயம்.

ஜப்பானில் நாகஷிமா ஸ்பா லேண்டில் 1994 முதல் ஓடிய ‘ஒயிட் சைக்ளோன்’ என்ற மரக் கோஸ்டரை 2018 ஜனவரியில் நிறுத்தினார்கள். அதன் மரச் சட்டத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே இரும்புப் பாதை பதித்து, 2019இல் ‘ஹகுகெய்’ என்று வேறு பெயரில் ஓட்டினார்கள். இடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் மனம் முழுதாக ஒப்பவில்லை. மரப்பாதை வண்டிக்குக் கொஞ்சம் இசைந்து கொடுக்கும். சட்டமே லேசாக ஆடும். காலையில் நிதானமாக ஓடியது, கிரீஸ் சூடேறிய பிறகு மாலையில் வேகம் பிடிக்கும். அதை விரும்பி ஏறுகிறவர்கள் இந்த வேறுபாட்டுக்காகவே இருட்டும்வரை காத்திருப்பார்கள். இரும்புப் பாதையில் அந்த ஆட்டம் இல்லை.

பிரித்து எடுத்துப்போய் வாழவைத்த கதைகளும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் கிரிஸ்டல் பீச் பூங்கா 1989இல் மூடியபோது, 1948இலிருந்து அங்கே ஓடிய ‘காமெட்’ ஏலத்தில் போனது. சில வருடம் துண்டு துண்டாகக் கிடந்துவிட்டு, 1994இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜ் அருகே எழுந்து ஓடியது. அதே ஒன்டாரியோவில், டொரான்டோவுக்கு வடக்கே கனடாஸ் வொண்டர்லாந்தில், 1981இல் செய்த ஒரு மரக் கோஸ்டர் இருக்கிறது. ஸ்கார்பரோவின் ஈழத்துக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பூங்கா அது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பாட்டி கீழே பையைக் காத்துக்கொண்டு நிற்க, பேரப்பிள்ளைகள் அந்தப் பலகைகளின் மேல் கத்திக்கொண்டு போவதை நினைக்க எனக்குப் பிடிக்கிறது.

நம் பக்கத்தில் மர விளையாட்டு என்றால் திருவிழா ராட்டினம். நாலு தொட்டில் கட்டிய மர ராட்டினத்தை ஒரே ஆள் கையால் சுற்றிவிடுவார். குடை ராட்டினத்தில் மரக்குதிரைகள். பொருட்காட்சிக்குப் போனால் மரணக்கிணறு. பலகைகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறிச் சுற்றும்போது பலகை ஒவ்வொன்றும் அதிர்வதை மேலே நிற்பவர் உள்ளங்காலில் உணரலாம். ஊருக்கு ஊர் பிரித்து, லாரியில் ஏற்றி, மறுபடி கட்டுவது. பிரிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு பலகையும் யாரோ ஒருவர் கையில் வந்து போகிறது. அதுவே ஒரு சோதனை.

ஆடி மாதம் எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு ராட்டினம் கொண்டுவரும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

“இது எவ்வளவு வருஷத்துதுண்ணே?”

“எதைக் கேக்குறீங்க சார்? தொட்டிப் பலகை போன ஆடிக்கு மாத்தினது. கை ரெண்டு வர்தா புயல்ல முறிஞ்சு புதுசு போட்டேன். அச்சு எங்கப்பா வாங்கினது. நடுக்கம்பம் அவருக்கும் முன்னாடியே இருந்துச்சு.”

“மொத்தமா சொல்லணும்னா?”

“மொத்தமால்லாம் சொல்ல வராது சார். ஓடுது. ஓடாதுன்னு தோணிச்சுன்னா நானே ஏத்த மாட்டேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தச் சான்றிதழிலும் இது இருக்காது. ஆனால் இதை நம்பி மட்டும் ஓர் ஊர் தன் பிள்ளைகளை ஏற்றிவிடக் கூடாது, அந்தப் பெரியவர்மேல் மட்டும் இந்தப் பாரத்தைப் போடவும் கூடாது. அவர் மகன் இப்போது உணவு டெலிவரிக்குப் போகிறார். திருவிழா நாட்களில் மட்டும் அப்பாவுக்குத் துணைக்கு வருகிறார். ராட்டினத்தில் வரும் காசு இரண்டு குடும்பத்துக்குப் போதாது. பெரியவருக்கு முடியாமல் போகும் வருடத்தில் ராட்டினம் வராது. அன்றைக்கும் தெருவில் பழசாகிவிட்டது என்றே சொல்லப்படும். நிலமும் இதற்குத் துணை போகிறது. ராட்டினம் நின்ற காலி மனைகளில் அடுக்குமாடி வந்துவிட்டது. போன ஆடியில் அதைத் தெருமுனையில், மின்கம்பிக்குப் பக்கத்தில் ஒடுக்கி நிறுத்தியிருந்தார்கள்.

பெரிய பூங்காக்கள் இனி நகரத்தைவிட்டு வெளியேதான் வரும். திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா வந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து நிறுவனம் செய்த தொங்கும் கோஸ்டர் அங்கே ஓடுகிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் அங்கே ஒரு குடும்பம் ஒரு நாள் போய்வரும் செலவை அஸ்தினாபுரத்தில் பல வீடுகள் நினைத்துப் பார்க்க முடியாது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிறு மேலே எழும்பிக் கத்துகிற சந்தோஷம் ஆடி மாதத்தில், இருபது முப்பது ரூபாயில், அந்தப் பெரியவர் கையில் இருக்கிறது.

கோனி ஐலண்டின் சைக்ளோன் பிழைத்ததற்கு ஒரு காரணம் அது நகரத்தின் சொத்தாக இருந்தது. 2021இல் பல்லவபுரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து நாங்களும் தாம்பரம் மாநகராட்சி ஆனோம். அந்த மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை எனக்கு மூன்று. மண்டலத்துக்கு ஒரு திடலைத் திருவிழா நாட்களில் ராட்டினத்துக்கென்று, மின்கம்பி இல்லாத இடமாக, வாடகை வாங்காமல் ஒதுக்க வேண்டும். அந்த நாட்களில் தினமும் காலையில் ஒரு பொறியாளர் வந்து, ராட்டினக்காரரோடு சேர்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் பலகையையும் பார்த்து, ஒரு பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெரியவருக்கும் அவர் மகனுக்கும் அந்தக் காலை நேரத்துக்கு மாநகராட்சியே கூலி தர வேண்டும். இந்த மூன்றையும் எழுதி, தெருவாசிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆடிக்கு முன் மண்டல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.